பஞ்சு வைத்த நீல அங்கி

சுவிஸில், சூக் நகரில் நான் துப்புரவு வேலை செய்த வீடுகளுக்குள், சீன அம்மாவின் அலுமாரி ஒன்றுதான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நாலு கதவு, ஒரு கதவுக்கு ஒரு பருவம். கோடைக்குச் சேற்றில் தோய்த்துக் கறுப்பாக்கிய மெல்லிய பட்டு; நடந்தால் காய்ந்த வாழையிலைபோலச் சரசரக்கும். வசந்தத்துக்கு வெளிர் நிறம், இலையுதிர் காலத்துக்குக் கடும் நிறம், இரண்டிலும் உள்ளே இன்னொரு துணி வைத்துத் தைத்திருக்கும். பனி கொட்டும் மாரிக்குப் பஞ்சு வைத்தவை. இரண்டாயிரத்து ஒன்பதில் அங்கே போனேன். அவற்றை இஸ்திரி போட்டு மினுக்கி மாட்டுவதும் என் வேலைதான்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆட்களைக் கண்டால் சுவரோடு ஒட்டிக்கொள்வேன். அவரோடு மட்டும் வாய் திறந்தது. அங்கே பேசுகிற ஜெர்மனை நாங்கள் டொச் என்போம்; இரண்டு பேரின் டொச்சும் ஒரே அளவு உடைந்தது, அதனால் வெட்கம் வரவில்லை. அவர் சொன்னதெல்லாம் இப்போது எங்கள் ஊர்த் தமிழ்ப் பேச்சாகவே நினைவில் கிடக்கிறது. யன்னலைப் பார்த்து அவர் உடுத்துவதில்லை. சுவரிலிருந்த சீன நாள்காட்டியைப் பார்த்துத்தான். வசந்தம் பிறந்தாலும் பஞ்சை உடனே கழற்றமாட்டார். குளிர் தொட்டதும் தடித்ததைத் தேடவும் மாட்டார். உடம்பு மெல்லப் பழக வேண்டுமாம். ஒருநாள் கோயிலுக்குப் போகிற வழியில் சேலையோடு அங்கே போனேன். என்னைச் சுற்றிவந்து பார்த்தார்.

"இவ்வளவு துணி சுத்தியும் வயிறு பனிக்குள்ள நிக்குதே!"

"அது வெக்கை ஊர் உடுப்பு, அம்மா."

"இது சுவிஸ் எண்டு அந்த வயித்துக்கு நீ இன்னும் சொல்லேல்லையோ?"

அவருடைய கடைசி மாரியில் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்துத் திறந்தார். கருநீல அங்கி, தடித்த பஞ்சு. பொத்தான் இல்லை, நாடாக்கள் மட்டும். "நான் செத்தால் இதைத்தான் போடவேணும். எந்த மாதமெண்டாலும் இதுதான். போற இடத்தில ஒரே குளிர். மகளிட்டக் கதைச்சால் எழும்பிப் போறாள். நீ சொல்லு."

"ஓம், சொல்லுறன்" என்றேன்.

ஆவணியில் அவர் போய்விட்டார். மகள் பெரிய அலுவலகத்தில் பொறுப்பானவள், விறுவிறென்று கதைப்பவள். சவ அடக்கம் செய்கிறவர் உடுப்புக்காகக் காத்து நின்றார். அவள் யன்னலைப் பார்த்தாள். வெயில். கோடைக் கதவைத் திறந்து கறுப்புப் பட்டை எடுத்தாள். "இது சரிதானே?" என்று என்னைத்தான் கேட்டாள். சொல்ல வேண்டியதை மனதுக்குள் டொச்சில் அடுக்கினேன். பிழைவிட்டால் அந்த மனிதர் சிரிப்பாரோ என்று நினைத்தேன். ஓமென்று தலையாட்டிவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

அடுத்த கிழமை வீட்டை ஒதுக்கும்போது அந்தப் பெட்டியை அவள் கண்டெடுத்தாள். "இது உங்களுக்கு மாரிக்கு உதவும்" என்று நீட்டினாள். "டங்கே" என்று நன்றி சொன்னேன். அதற்கு மட்டும் வாய் வந்தது.

என்னை அடக்கமானவள் என்று சனம் மெச்சும். அந்த அடக்கம்தான் ஒரு வயதுபோன மனுசியை மெல்லிய பட்டோடு குளிருக்குள் அனுப்பியது.

இப்போது லாங்கன்தால் என்ற ஊரில் என் மகளோடு இருக்கிறேன். பனி தொடங்கினால் அவளும் தொடங்கிவிடுவாள்: "அம்மா, அந்த நீலக் கோட்டை ஏன் போடுறியள் இல்லை? சும்மாதானே கிடக்குது."

"எனக்கு அளவில்லைப் பிள்ளை."

அவள் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் போட்டுப் பார்த்தேன். தோள், கை, நீளம் எல்லாம் எனக்கென்றே தைத்ததுபோல இருந்தது.