வாழைமரம் போட்ட நாலு நோட்டு

என் அப்பா, பக்கிரிசாமிக்கு நாற்பது வெள்ளி கடன்பட்டிருந்தார். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் மலாயாவில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஆள் பிடித்தபோது அப்பாவின் பெயர் வந்தது. அவருக்குப் பதிலாகப் பக்கிரிசாமி போனார். பேசிய நாற்பதை அவர் மனைவியிடம் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. போனவர் திரும்பவில்லை.

அவர் மகள் நவமணியைப் பற்றித்தான் எழுதுகிறேன். அப்பன் போன மூன்றாம் மாதம் பிறந்தவள். பத்து வயதில் பாலுக்கு ரப்பர் மரம் வெட்டப் போனாள். பிறகு இருபது வருடம் புல்லுக்கு மருந்தடித்து ஒரு கண் மங்கியது. புருஷன் செத்த பிறகு, லூனாஸில் என் லோரிக் கொட்டகையைக் கூட்டுகிற வேலையை நான்தான் கொடுத்தேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். இன்று எனக்குப் பதினோரு லோரி ஓடுகிறது. எவனுக்கும் ஒரு காசு பாக்கி வைத்ததில்லை.

தீபாவளிக்குத் தீபாவளி நவமணி கேட்பாள்.

"முதலாளி, எங்கப்பா காசு?"

"எங்கப்பா உங்கம்மாவுக்கு எண்ணிக் கொடுத்தாச்சு. லயத்து சனமே பார்த்துச்சு."

"அது காசு இல்ல முதலாளி."

"கெழவிக்கு இப்ப வட்டியும் வேணுமாம்லா" என்று ஆட்களைப் பார்த்துச் சிரிப்பேன். ஒரு சேலையைத் தூக்கிப் போடுவேன். அப்பா கொடுத்தது எந்த நோட்டு என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

போன வருடம் என் செலவில் பஸ் பிடித்து, முப்பது பேரைக் காஞ்சனபுரிக்கு அந்த ரயில் பாதை அருங்காட்சியகம் பார்க்கக் கூட்டிப் போனேன். நவமணியும் வந்தாள். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் படமும் பெயரும் இருந்தன. நம்மவர்களுக்குச் செத்தவர் எண்ணிக்கை மட்டும்.

"பக்கிரிசாமின்னு எங்கயாச்சும் போட்டிருக்கா கண்ணு?" என்று என் மகள் காஞ்சனாவிடம் கேட்டாள்.

"கூலிக்காரனுக்கு எவன் பேர் எழுதுவான், நட" என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் அவள் நின்றுவிட்டாள். உள்ளே ஜப்பான்காரன் அடித்த பத்து வெள்ளி நோட்டு, வாழைமரம் போட்டது.

"இதுதான். நாலு நோட்டு, அம்மா பெட்டியில இருந்துச்சு."

காஞ்சனா குறிப்பைப் படித்தாள். "நாப்பத்தஞ்சுல ஜப்பான் தோத்ததும் இது வெறுங்காகிதம் ஆயிடுச்சாம்பா."

"உங்க தாத்தா எங்கம்மாவுக்குக் கொடுத்தது நாப்பத்தாறு பொங்கலுக்கு" என்றாள் நவமணி. "அம்மா படிக்குக் கீழ நின்னுச்சு. கை பட்டுடக் கூடாதுன்னு மேல இருந்து போட்டாரு. காகிதம்னு ரெண்டு பேருக்கும் தெரியும். கை நீட்டி நிக்கிறவ என்ன பேசுவா?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. காஞ்சனா என் முகத்தைப் பார்க்கவில்லை. பணப்பையை எடுத்தேன்.

"ஆயிரமா வாங்கிக்க."

"நாப்பது."

"இந்தக் காலத்துல நாப்பதுல என்ன வரும்? என் லோரி பினாங்கு போய் வரக்கூட எண்ணெய் பத்தாது."

"எங்கப்பாவுக்குப் பேசின வெல அதான். எண்ணிக் கொடுங்க முதலாளி."

கையை விரித்தாள். நோட்டோடு என் கை அதற்கு ஒரு சாண் மேலேயே நின்றது. எங்கள் வீட்டுப் பழக்கம்.

"போடாதீங்க. வைங்க."

குனிந்து, காய்த்துப்போன அந்த உள்ளங்கையில் விரல் பட ஒவ்வொன்றாக வைத்தேன். பத்து, இருபது, முப்பது, நாற்பது.