சூடு போடும் அத்தை

அந்த லேபிள் அச்சகத்தில் அவளை எல்லோரும் அத்தை என்றுதான் கூப்பிட்டார்கள். முதலாளியின் மகளுக்கு அவள் அத்தை. அதைக் கேட்டுக் கேட்டு ரோல் சுற்றுகிறவர்கள், பெட்டி கட்டுகிறவர்கள், அவளைவிட மூத்த வேன் டிரைவர் வரைக்கும் எல்லோருக்கும் அத்தையாகிவிட்டாள். புருஷனை விட்டுவிட்டு அண்ணன் வீட்டு மாடி அறைக்கு வந்தவளை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று யாருக்கும் தெரியவில்லை என்பதும் ஒரு காரணம். பகல் முழுக்கப் பேக்கிங் மேஜையில் நின்று, மருந்து பாட்டிலுக்கும் தேன் பாட்டிலுக்கும் போகிற ஸ்டிக்கர்களைச் சரிபார்த்து உறையில் போடுவாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனால், சமையலறையில் அண்ணி யாரிடமாவது போனில் பேசுவது மாடிப்படி வரைக்கும் கேட்கும்.

"சூடு சொரணை இருக்கிறவளா இருந்தா எப்பவோ தனியா போயிருப்பா."

காதில் விழாத மாதிரி அத்தை படியேறிப் போவாள். விழாமல் எப்படி இருக்கும்? அண்ணி அதற்கென்றுதானே சத்தமாகப் பேசினாள்.

அச்சகத்தில் கண்ணாடிக் கதவு போட்ட முன்னறை ஒன்று உண்டு. அதில் ஒரு சுழல் நாற்காலி, ஒரு கணினி, லேபிள் அடிக்கிற சின்ன பிரிண்டர். அங்கே உட்கார்ந்திருந்த கிளார்க் வேறு வேலைக்குப் போன கையோடு கணினியும் படுத்துவிட்டது. ரிப்பேர்க்காரர் வந்து திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இது பழைய மெஷின் சார். புது விண்டோஸ் தாங்காது. லினக்ஸ் போட்டுத் தரேன், ஜம்முன்னு ஓடும். ஆனா லேபிள் பிரிண்டருக்கு வேண்டியதை நீங்கதான் போட்டுக்கணும். எனக்கு அது பழக்கமில்லை."

அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்தார். எல்லோரும் அவரவர் ரோலைப் பார்த்துக்கொண்டார்கள். அத்தைதான் வாயைத் திறந்தாள்.

"நான் பாக்கறேன்."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு என்ன நினைத்தாரோ, எல்லோர் முன்னாலும் சொன்னார். "சரி. இதை மட்டும் ஓட வெச்சுட்டேன்னா, இனிமே இந்த ரூமை நீதான் பாத்துக்கணும்."

அந்த ஒரு வார்த்தையை அவள் பிடித்துக்கொண்டாள். அந்த நாற்காலி கிடைத்துவிட்டால், இந்த வீட்டில் சும்மா உட்கார்ந்து தின்கிறவள் என்று யாரும் சொல்ல முடியாது. லினக்ஸை ஏற்றி முடித்த ரிப்பேர்க்காரர், பாஸ்வேர்டாக மறக்காத வார்த்தை ஒன்றை வைத்துக்கொள்ளச் சொன்னார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதும், 'நீதான் பாத்துக்கணும்' என்பதையே ஆங்கில எழுத்தில் சேர்த்து அடித்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் ரிப்பேர்க்காரர் போனில் பாடம் எடுத்தார். "எதைப் போடறதா இருந்தாலும் முன்னாடி சூடோன்னு அடிங்க. அப்பதான் மெஷின் உங்க பேச்சைக் கேக்கும்."

"சூடு போடணுமா?"

"சூடோங்க, சூடோ."

உத்தரவு போடுகிறவருக்கு அதிகாரம் உண்டு என்று கணினிக்குச் சொல்கிற வார்த்தையாம் அது. அத்தைக்கு அது கடைசி வரை சூடுதான். சூடு போட்டால்தான் கேட்கும் ஜென்மம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? அப்படி ஒன்றோடு குடும்பமே நடத்தியவள்.

சூடு போட்டாள். அது பாஸ்வேர்ட் கேட்டது. அடித்தாள். கறுப்புத் திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. விசைப்பலகை செத்துவிட்டது என்று நினைத்து அதைக் கவிழ்த்துத் தட்டினாள். பழைய கிளார்க் தின்ற பிஸ்கட் தூள் கொட்டியதே தவிர எழுத்து வரவில்லை. பக்கத்துக் கடையில் வேறொன்று கடன் வாங்கி மாட்டினாள். அதிலும் அதே கதை. மறுபடி போன்.

"அது காட்டாதுங்க. நீங்க பாட்டுக்கு அடிங்க, அது வாங்கிக்கிட்டுதான் இருக்கும்."

"இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?"

இணையத்தில் பார்த்த ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு டாலர் குறி இருந்தது. அவளும் பயபக்தியோடு அதையும் சேர்த்தே அடித்தாள். அப்படி ஒரு கட்டளையே கிடையாது என்று கணினி கைவிரித்தது. இங்கே அடி என்று காட்டுவதற்குத்தான் அந்தக் குறி, அதை அடிக்கக் கூடாது என்று புரிவதற்குள் அவளுக்கு மண்டை காய்ந்துவிட்டது. பிறகு பிரிண்டருக்கு டிரைவர் இல்லை, அதாவது அதை இயக்குகிற மென்பொருள் இல்லை என்று வந்தது. "டிரைவர் இல்லையாம்" என்று அவள் வாய்விட்டுச் சொன்னதைக் கேட்டு வேன் டிரைவர் ஓடிவந்து கதவருகே நின்றார். "இங்கதான் இருக்கேன் அத்தை, எங்க போகணும்?"

டிரைவரைத் தேடி எடுத்தாள், போட்டாள். ஸ்டிக்கர் வெள்ளையாக வந்தது. பிறகு பாதி எழுத்து அடுத்த ஸ்டிக்கருக்குத் தாவியது. அண்ணன் தினமும் எட்டிப் பார்த்து "ஆச்சா?" என்பார். ஒரு மத்தியானம், இருமல் மருந்து ஸ்டிக்கர் ஒன்று கோணாமல் குலையாமல் பிரிண்டரிலிருந்து நாக்கு நீட்டியது. 'ஒரு மூடி காலை, ஒரு மூடி இரவு.' அத்தைக்கு அழுகையே வந்துவிட்டது. அதை உரித்து மானிட்டர் ஓரத்தில் ஒட்டினாள்.

நாற்காலி கிடைத்தது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது யாராவது கூப்பிடுவார்கள். "அத்தை, ரோல் நின்னுடுச்சு, வந்து சூடு போடுங்க!" அவள் போய்க் கண்ணை மூடிக்கொண்டு பாஸ்வேர்டை அடிப்பாள். அண்ணி போனில் பேசுவதை நிறுத்தவில்லை. ஆனால் அத்தைக்கு அது உறைக்கவில்லை. அவள் வாழ்க்கையில் நிம்மதியாக இருந்த காலம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

அண்ணன் மகளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை கணினி படித்தவர். அவர் வேலை பார்த்த இடத்தை மூடிவிட்டார்கள், அச்சகத்துக்கு வந்து சேர்ந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது, வாய் நிறைய அத்தை அத்தை என்றுதான் கூப்பிட்டார். ஒருநாள் அண்ணனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அத்தை, உங்க பாஸ்வேர்டைக் கொஞ்சம் சொல்லுங்களேன். எதுக்கும் எங்கிட்டயும் இருக்கட்டும்."

அவளுக்குக் கூச்சமாக இருந்தது. இருந்தாலும் சொன்னாள். "நீதான் பாத்துக்கணும்."

சொல்லிவிட்டு அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அவர் மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார். "என்ன பாஸ்வேர்ட் இது, நாடக வசனம் மாதிரி!"

நடிக்கவில்லை. நிஜமாகவே மறந்துபோயிருந்தார்.

மாப்பிள்ளை கை வேகமான கை. அவள் தலையால் தண்ணீர் குடித்துச் செய்ததை அவர் பேச்சு வாக்கில் செய்துவிடுவார். அதை அவளால் மறுக்க முடியவில்லை, அதுதான் இன்னும் எரிந்தது. நாற்காலி அவருக்குப் போனது. அவளுக்கு முதலில் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டார்கள். பிறகு பேக்கிங்கில் ஆள் குறைகிறது என்று அண்ணன் சொன்னார். யாரும் அவளைப் போ என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற மரியாதையைக்கூட அவளுக்குத் தரவில்லை.

ஒருநாள் மாப்பிள்ளை வெளியே போயிருந்தபோது ஸ்டிக்கர் வெள்ளையாக வர ஆரம்பித்தது. அத்தை கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்திருந்தார்கள், பிசின் மட்டும் இருந்தது. சூடு போட்டாள். பாஸ்வேர்டை அடித்தாள். கணினி ஆங்கிலத்தில் பதில் சொன்னது. எழுத்துக் கூட்டிப் படித்தாள். அதிகாரம் உள்ளவர்களின் பட்டியலில் அவள் இல்லையாம். இந்தச் சம்பவம் புகாராக அனுப்பப்படுமாம். தப்பாக அடித்துவிட்டோமோ என்று இன்னொரு தடவை நிதானமாக அடித்தாள். அதே பதில்.

புகார் போய்ச் சேர்ந்தது. மறுநாள் மாப்பிள்ளை பேக்கிங் மேஜைக்கே வந்து, சின்னக் குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசினார்.

"அத்தை, நேத்து சிஸ்டத்துல ஏதாவது தொட்டீங்களா? எனக்குக் காட்டுது. ஏதாவது வேணும்னா எங்கிட்ட கேளுங்க, என்ன?"

பின்னாலேயே அண்ணன். "அதான் மாப்பிள்ளை பாத்துக்கறார்ல? நீ ஏன் கிடந்து அல்லாடற?"

அத்தை தலையை ஆட்டிவிட்டு உறைக்குள் ஸ்டிக்கரைப் போட்டாள். அவர்கள் உள்ளே போன கொஞ்ச நேரத்தில், விஷயம் தெரியாத வேன் டிரைவர் பழைய பழக்கத்தில் வாசலிலிருந்து குரல் கொடுத்தார்.

"அத்தை, ரோல் நின்னுடுச்சாம், வந்து ஒரு சூடு போடுங்க!"

"சூட்டைப் புடுங்கிட்டாங்க டிரைவரே" என்றாள் அவள், நிமிராமல். "சொரணை மட்டும்தான் மிச்சம்."

அவள் ஜோக் அடிக்கிறாள் என்று நினைத்து டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார்.