மூன்றாம் ஹேட்சில் ஒரு பிணம்

என் வேதப்புத்தகத்துக்குள் நாற்பது வருடத்துக்கும் மேலாக ஒரு டெலக்ஸ் தாள் இருக்கிறது. ஓரம் மஞ்சளாகி, மடிப்பில் கிழிந்து, எழுத்தும் பாதி வெளுத்துவிட்டது. ஆனாலும் இரண்டு சொற்களை இன்னும் வாசிக்கலாம்: டெட் ஃபிரெய்ட். அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் தூத்துக்குடித் துறைமுகத்தையே ஆட்டிவைத்தவள் நான். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது, கூடவே சிரிப்பும் வருகிறது.

எழுபதுகளின் பின்பாதி. நாசரேத்தில் வளர்ந்து, பாளையங்கோட்டையில் ஆங்கில இலக்கியம் படித்து முடித்த திமிரோடு ஒரு கப்பல் ஏஜெண்டு அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பக்கத்து மேசை, தந்திபோலச் செய்தியைத் தாளில் அடித்துத் தரும் டெலக்ஸ் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்ட டெலக்ஸ் அக்காவுடையது. கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம், வயது முப்பத்தைந்து இருக்கும். எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்பது ஊரில் அவருக்குத்தான் முதலில் தெரியும். அவருடைய கூடப்பிறந்த அண்ணனும் எங்களிடமே வேலை பார்த்தார். கப்பலில் ஏறும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் டாலி கிளார்க் என்பதால் எல்லோருக்கும் அவர் டாலி அண்ணாச்சி.

அந்த வருடம் ஊர் உலகமெல்லாம் ஒரே ஆளைப் பற்றித்தான் பேச்சு. விமானங்களைக் கடத்தி, குண்டு வைத்து, பல நாட்டுப் போலீசுக்கும் தண்ணி காட்டிய வெளிநாட்டுத் தீவிரவாதத் தலைவன். பாலைவனத்தில் ஏதோ வெடிவிபத்தில் செத்துப்போனான் என்று ஒரு நாள் ரேடியோ சொன்னது. படம் எதுவும் வரவில்லை. அவ்வளவுதான், எங்கள் அலுவலகம் இரண்டு கட்சியாகிவிட்டது. டாலி அண்ணாச்சி, செத்தான் கட்சி. டெலக்ஸ் அக்கா, சாகவில்லை கட்சி. செத்தது அவனோடு பிறந்த இரட்டை என்பார். இல்லையென்றால், முகத்தை அறுத்து மாற்றிக்கொண்டு ஏதோ கப்பலில் சமையல்காரனாக இருக்கிறான் என்பார். பத்திரிகைப் படங்களை வெட்டி வைத்துக்கொண்டு பூதக்கண்ணாடியால் காதை ஒப்பிட்டுப் பார்ப்பார். "மூஞ்ச மாத்தலாம் ஏளா, காத மாத்த முடியாது." எந்த வாதமும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: "உடம்பு எங்க? உடம்பக் காட்டட்டும், ஒத்துக்கிடுதேன்."

நானும் குஷியாக அக்கா கட்சியில் சேர்ந்துகொண்டேன். அவருக்கு இது விளையாட்டு இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மூன்று வருடத்துக்கு முன் அவர் கணவர் கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோகும் தோணியில் வேலைக்குப் போயிருக்கிறார். தோணி திரும்பவில்லை. ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. அவருடைய ஆத்துமத்துக்காகக் கோயிலில் பூசை வைக்கச் சொல்லி வீட்டார் கெஞ்சினார்கள். உயிரோடு இருப்பவருக்கு எவளாவது இறந்தோர் பூசை வைப்பாளா என்று அக்கா மறுத்துவிட்டார். அண்ணன் ஒரு நாள் ரொம்பவும் நெருக்க, எரிச்சலில் அக்கா வாயை விட்டுவிட்டார்: "அந்த வெடிகுண்டுக்காரன் செத்தது நெசம்னு காட்டுண்ணே. மறுநாளே பூசை வைக்கேன்." அண்ணாச்சி அதை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டார்.

அந்த மத்தியானம் அக்கா சாப்பிடப் போயிருந்தபோது டெலக்ஸ் கடகடவென்று அடித்தது. உப்பு ஏற்றிக்கொண்டிருந்த ஒரு வெளிநாட்டுக் கப்பலைப் பற்றிய செய்தி. சரக்கு அடுக்கும் மூன்றாம் ஹேட்ச், டெட் ஃபிரெய்ட், கேப்டன் கோருகிறார். டெட் என்றால் பிணம், ஃபிரெய்ட் என்றால் சரக்கு. இலக்கியம் படித்த மூளைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? அந்தக் கப்பல் வந்ததும் அந்தப் பாலைவனத்துப் பக்கத்திலிருந்துதான். இயந்திரத்திலிருந்து தாளைக் கிழித்துக்கொண்டு வாசலுக்கு ஓடி, எதிரே வந்த டாலி அண்ணாச்சியிடம் மூச்சுவாங்கச் சொன்னேன்: "அண்ணாச்சி, அவன் உடம்பு மூணாம் ஹேட்ச்ல இருக்கு."

அவர் கையிலிருந்த மூட்டைக் கணக்கு நோட்டை மூடினார். "அதான் பார்த்தேன்," என்றார். "மூணாம் ஹேட்ச் பாதி வெறுசாக் கெடக்கு. அதுக்குள்ள மூடியப் போட்டுட்டானுவ."

அரை மணி நேரத்தில் துறைமுகம் கொதித்தது. முந்தின நாள் கப்பலுக்கு ஐஸ்கட்டி போனதைக் கண்ணால் கண்ட லாரி டிரைவர் ஒருவர் கிடைத்தார். கப்பல் சமையல்காரன் அழுததைப் பார்த்தவர் இன்னொருவர். பிணத்துக்கு மீசை உண்டா இல்லையா என்று டீக்கடையில் சண்டையே வந்துவிட்டது. நானும் சும்மா இருக்கவில்லை, ஒவ்வொரு முறை சொல்லும்போதும் ஒரு சங்கதி சேர்த்தேன்.

அப்போது அக்கா திரும்பி வந்தார். "உடம்பு கெடச்சாச்சு," என்றார் அண்ணாச்சி. "நாளைக்குப் பூசைக்கு எழுதிக் குடுத்துருதேன்." ஜெயித்த குரல் இல்லை அது. அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. தாளை நீட்டினேன். வாங்கி வாசித்தார். மறுபடி வாசித்தார். பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார்.

"நீ படிச்ச இங்கிலீசுல தீய வைக்க. பொணம் இல்ல ஏளா இது. இவ்வளவு சரக்கு ஏத்துதோம்னு சொல்லி கப்பல்ல எடம் பிடிச்சோம். மழையில உப்பு கரைஞ்சு போச்சு, சரக்கு வரல. வராத சரக்குக்கு எடத்துக் கூலி கேக்கான். அதுக்குப் பேருதான் டெட் ஃபிரெய்ட்."

கூட்டம் சிரித்துக் கலைந்தது. டாலி அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. "சரி, வராத ஆளுக்கு நீ எடம் பிடிச்சே வச்சுக்கோ," என்று தங்கையின் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். அதன்பிறகு, தான் சாகும்வரை அவர் பூசைப் பேச்சை எடுக்கவில்லை.

பல வருடம் கழித்து இன்னொரு பெரிய தீவிரவாதத் தலைவனைக் கொன்றுவிட்டதாகச் செய்தி வந்தது. உடலைக் கடலில் போட்டுவிட்டோம் என்றார்கள். உடல் எங்கே, படம் எங்கே, அவன் சாகவே இல்லை என்று உலகத்தில் பாதிப்பேர் டெலக்ஸ் அக்கா கட்சியில் சேர்ந்துவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். உடனே போன் போட்டேன். "அக்கா, உடம்பக் காட்டல பாத்தீங்களா?"

"இல்ல ஏளா, இவன் செத்துட்டான்," என்றார். "கடலுக்குள்ள போன உடம்ப எவன் காட்ட முடியும்?" கொஞ்சம் பொறுத்து, "எங்க வீட்டு ஆளுக்கு வெள்ளிக்கிழம பூசைக்கு எழுதிக் குடுக்கப் போறேன். நீ வந்துரு."

போனேன். சாமியார் அவர் கணவரின் பெயரை வாசித்தபோது நான்தான் அழுதேன். அக்கா நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பூசை முடிந்து வெளியே வந்ததும் வேதப்புத்தகத்திலிருந்து அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தவர், அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தார். பிறகு தாளைக் கவனமாக மடித்து என்னிடமே கொடுத்தார்.

"பத்திரமா வையி ஏளா. நம்ம பழைய வெடிகுண்டுக்காரன் உடம்ப இன்னும் எவனும் காட்டல."