கிணற்றுக்குள் கிடந்த சங்கு

எங்கள் அம்மா வன்னியின் நடுக்காட்டுக்கு வரச் சம்மதித்ததற்கு ஒரே காரணம், அங்கே கடல் இல்லை என்பதுதான். அவருடைய தம்பி, எங்கள் சின்ன மாமா, மீன்பிடிக்கப் போய்த் திரும்பவில்லை. வள்ளம் மட்டும் கரை ஒதுங்கியது. அதன்பிறகு அலைச் சத்தம் கேட்டால் அம்மாவுக்குச் சோறு இறங்காது. அக்கராயனில் காணி கொடுக்கிறார்கள் என்றதும் அப்பாவுக்கு முன்பே மூட்டை கட்டியவர் அவர்தான்.

காடு வெட்டிக் கொட்டில் போட்டபின், அப்பாவும் பெரிய மாமாவும் கிணறு வெட்டினார்கள். ஆளுயரத்துக்குக் கீழே சுண்ணாம்புக் கல். அலவாங்குக் கம்பி பட்டு ஒரு கல் இரண்டாகப் பிளந்தது. கூடையில் மேலே வந்ததை முதலில் பார்த்தவள் நான். கல்லுக்குள் கல்லாகவே ஒரு சங்கு சுருண்டு கிடந்தது. மயில் கழுத்தின் நீலமும் பச்சையும். சற்றே சரித்தால் தணல் சிவப்பு.

"அம்மா, சங்கு!"

எட்டிப் பார்த்த அம்மாவின் கையிலிருந்து கூடைக் கயிறு நழுவியது.

"ஐயோ, கடல் இஞ்சையும் வந்திட்டுதே!"

அவர் வைத்த குரலில் அப்பா கிணற்றுக்குள்ளிருந்து ஏறி ஓடிவந்தார்.

"இஞ்சாரும், இது எந்தக் காலத்துச் சங்கோ! முந்தி இந்த இடமெல்லாம் கடலா இருந்திருக்கும். சேறு மூடி, சங்கும் கல்லாப் போச்சு."

ஆறுதலாகத்தான் சொன்னார். அம்மாவின் முகம் வெளிறிவிட்டது.

"அப்ப நாங்கள் கடலுக்கைதான் குடியிருக்கிறமோ? கிணத்தை மூடுங்கோ. ஊத்து உப்பாத்தான் வரும். நான் பிள்ளையளோடை போறன்."

உடனே பெட்டியைக் கட்டத் தொடங்கினார். அப்பா மறுபடி கிணற்றுக்குள் இறங்கினார். பொழுது சாயுமுன் ஊற்றுத் திறந்தது. கலங்கல் தெளிந்ததும் பெரிய மாமா ஒரு செம்பில் கொண்டுவந்து நீட்டினார்.

"தங்கச்சி, நீயே குடிச்சுப் பார்."

அம்மா ஒரு மிடறு குடித்தார். பிறகு, நாங்கள் திகைத்து நிற்க, மண்குவியலில் அப்படியே குந்தி ஓவென்று அழுதார்.

"என்ன, உப்போ?" அப்பா பதறினார்.

இல்லையென்று தலையாட்டினார். சங்குக் கல்லை எடுத்து மடியில் வைத்து, செம்பில் மிச்சமிருந்த தண்ணீரை மெதுவாக அதன்மேல் வார்த்தார். நனைந்ததும் நிறங்கள் மூண்டெழுந்தன.

"தம்பிக்குக் கடைசியா ஒரு செம்பு நல்ல தண்ணி வார்க்க எனக்குக் குடுத்து வைக்கேல்லை, அண்ணை."

பெரிய மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கல்லை மினுக்கத்தான் அம்மா கழுவுகிறார் என்று நினைத்து, இன்னொரு செம்பு தண்ணீர் எடுக்க நான் ஓடினேன்.