ஓட்டின்மேல் எறிந்த பல்

நான் வேலை பார்க்கும் பள்ளியில் சென்ற வாரம் பல் முகாம் நடந்தது. பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா சொன்னது காதில் விழுந்தது: "பால் பல்லு விழுந்து முளைச்ச பல்லு அடிபட்டு வேரோட விழுந்தா, பால்ல போட்டு உடனே தூக்கிட்டு வாங்க. திரும்ப வெச்சிடலாம்."

பாலிலா? எங்கள் வீட்டில் சாணியில் அல்லவா வைத்தார்கள்!

ஆம்பூரில் நான் மூன்றாம் வகுப்பு படித்த காலம். பள்ளிக் குழாயில் வாய் வைத்துக் குடிப்போம். உப்புத் தண்ணீர்; நினைத்தால் இன்றும் நாக்கு கரிக்கிறது. அப்படிக் குனிந்திருந்தபோது சேகர் பின்னந்தலையில் கைவைத்துத் தள்ளினான். முன்பல் வேரோடு வந்துவிட்டது.

சேகரின் அப்பா தோல் பதனிடும் டேனரியில் மேஸ்திரி. என் அப்பா அவருக்குக் கீழே தோல் அலசுகிறவர். அன்று மாலை மேஸ்திரி எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் வாயைத் திறக்குமுன் அப்பாவே முந்திக்கொண்டார்.

"பால் பல்லுதான் மேஸ்திரி. மொளச்சிடும்."

"அது ஏற்கெனவே உழுந்து மொளச்ச பல்லாச்சே" என்றாள் அம்மா.

"நீ சும்மா இரு."

பால் பல்லுக்குச் செய்வதுபோலவே அப்பா அதைச் சாணியில் பொதிந்து, மேஸ்திரி பார்க்க ஓட்டின்மேல் எறிந்தார்.

முளைக்கவில்லை. கொய்யாவைக் கடைவாயில் வைத்து, எலும்பு கடிக்கும் நாய் மாதிரி தலையைச் சாய்த்துக் கடிப்பேன். சிரிப்பு வந்தால் கை வாய்க்குப் போகும். காலை வழிபாட்டில் செய்தி வாசித்தவன் நான்தான். எங்கள் வீட்டில் முதலில் எழுத்துக் கூட்டியவன் என்ற திமிர் வேறு. பல் சந்தில் காற்று விசிலடித்ததால் அதையும் சேகருக்கே கொடுத்துவிட்டார்கள். வாசித்துவிட்டு வருவான், "இன்னாடா ஜன்னலு, கேட்டுச்சா?" என்பான். அவன் பல்லை எதனால் உடைப்பது என்று கணக்குப் பாடம் முழுக்க யோசிப்பேன். செங்கல், சுத்தியல், அம்மிக் குழவி. குழவியை என்னால் தூக்கவே முடியாது என்பது வேறு விஷயம்.

முகாம் முடிந்து இரண்டு நாள் கழித்து பஸ் ஸ்டாண்டில் சேகர், தன் மகனோடு.

"டேய், எப்பிடிகீற? ஆமா, உன் பல்லு எப்பிடிடா போச்சு?"

மறந்தே போயிருக்கிறான்!

நான் பையனிடம் குனிந்தேன். "உங்கப்பாதான் கண்ணு. கொழாயில தள்ளி ஒடச்சாரு."

"நெஜமாப்பா?"

சேகர் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "அது... சின்ன வயசுல ஏதோ..."

"எனக்கும் சின்ன வயசுதான்டா."

அன்றைய ஆம்பூரில் இதைச் சொல்லியிருந்தால் மறுநாள் அப்பாவுக்கு வேலை இருந்திருக்காது. இப்போது அந்த டேனரியை இடித்துவிட்டார்கள். மேஸ்திரியின் அதிகாரம் போயிற்று. அப்பாவும் போய்விட்டார். பயப்பட எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. அடுத்த முறை பார்த்தாலும் சொல்வேன், இன்னும் சத்தமாக.