அழுகண்ணி பூத்த கசிவு நிலம்

அத்தை மறைந்து ஓராண்டு நிறையும் இன்று, எங்கள் அழைப்பை ஏற்று வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

அப்பாவின் அக்காதான் அத்தை. பூலாம்பாடியில் பிறந்து, உடையார்பாளையம் பக்கம் வாழ்க்கைப்பட்டு, சிறு வயதிலேயே கணவரை இழந்து பிறந்த வீடு திரும்பியவர். தாயில்லாத என்னை வளர்த்தவர். யாரையும் அதட்டமாட்டார். ஆனால் அவர் ஒன்று சொல்லிவிட்டால் அப்பாவுக்கு அதற்குமேல் பேச்சில்லை.

உலகச் சண்டைக் காலத்தில் எங்கிருந்தோ வந்த சாமியார் ஒருவர், செம்பைப் பொன்னாக்கலாம், அழுகண்ணி மூலிகைச் சாறு மட்டும் வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு எங்கள் வீட்டில் செம்புக் குடம் தங்கவில்லை, எல்லாம் உலைக்குப் போயின. வயல் தரிசாகக் கிடந்தது.

"மூலிகை கிடைக்கட்டும், ஒன் நகையத்தான் வெதையாப் போடப்போறேன். பத்தா வரும் பாரு" என்றார் அப்பா. என் கல்யாணத்துக்கென்று அம்மா விட்டுப்போனது ஒரு தங்கச் சங்கிலிதான்.

மலையடிவாரத்தில் எங்கள் கொல்லையை ஒட்டிய கசிவு நிலத்தில் எப்போதும் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். தை மாதக் காலையொன்றில் அப்பா எங்களை அங்கே கூட்டிப்போனார். மூடுபனியில் மலை மிதப்பதுபோல இருந்தது. சேற்றோடு ஒட்டி, சிவந்த சிற்றிலைகள் வட்டமாகப் படிந்திருந்தன. இலை நிறைய மெல்லிய மயிர்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு துளி. நடுவே நூல்போன்ற தண்டில் வெள்ளைப் பூ. நிலமே தூக்கத்தில் அழுவதாக எனக்குத் தோன்றியது.

"அக்கா, இதுதானே அழுகண்ணி?"

அத்தை குந்தி உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தார். "இல்ல தம்பி. இது வெறும் புல்பூண்டு. பனியில நனைஞ்சு கெடக்கு. வா, கஞ்சி ஆறிப்போவுது."

அப்பா திரும்பி நடந்தார்.

உச்சிப்பொழுதில் அத்தை என்னை மட்டும் அங்கே அழைத்துப்போனார். புல்லெல்லாம் காய்ந்திருந்தது. அந்தச் செடியில் மட்டும் துளிகள் அப்படியே மினுங்கின. எறும்பொன்று அதில் ஒட்டிக்கொண்டு காலை உதறியது.

"பனின்னா காஞ்சிருக்கணுமில்ல? மாடு மேய்க்கயில எத்தன வருசமாப் பாக்குறேன். இதான் அழுகண்ணி. நான் இருக்குற மட்டும் ஒங்கப்பங்கிட்ட வாயத் தொறக்காத."

அப்பா இன்னும் சில காலம் தேடி அலைந்து, அலுத்துப்போய் மறுபடி ஏர் பிடித்தார். என் கல்யாணமும் நடந்தது.

அத்தையின் கடைசிக் காய்ச்சலில் மழையென்று பாராமல் வந்து பார்த்த வைத்தியருக்கும், மாறி மாறிக் கண்விழித்த அண்டை வீட்டாருக்கும், பாடை சுமந்த பங்காளிகளுக்கும் என்றும் நன்றியுடையோம்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அப்பா, "எங்கக்கா ஒரு நாளும் பொய் சொன்னதில்லீங்க" என்று சொல்லி அழுதார்.

அப்பா, அத்தை ஒரு நாள் சொன்னார். அதுதான் இன்று என் கழுத்தில் சங்கிலியாகக் கிடக்கிறது.