மூன்றாம் ஜாடியில் சாகாதது

ஆய்வுக்கூடத்தில் அவளைக் குடலம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்று கண்ணாடி ஜாடிகளை வைத்துக்கொண்டு மனித வயிற்றையே கட்டி மேய்ப்பவள். முதல் ஜாடியில் இரைப்பை அமிலம், இரண்டாவதில் பித்தநீர். மூன்றாவது பெருங்குடல், காற்றுப் புகாமல் மூடி, உள்ளே நல்லதும் கெட்டதுமாகக் கிருமிகள். அந்த நாற்றத்தில் புது ஆட்கள் ஓட்டமெடுப்பார்கள், அவள் பாட்டுக்கு டீ குடிப்பாள்.

முன்பொரு நாள், ஆய்வுக்கூடக் கண்ணாடித் தட்டில் வளர்த்த கெட்ட கிருமியின் மேல் கொய்யா இலைச் சாற்றை விட்டபோது கிருமி இருந்த இடம் தெரியாமல் போனது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வாய் சும்மா இருந்ததா? வீட்டுக்குப் போனதும் புருஷனிடம் சொல்லித் தொலைத்தாள். அவருக்குக் குடலில் புண், காரணம் அதே கிருமி. டாக்டர் கொடுத்த மாத்திரையை முகம் சுளித்தே விழுங்குகிற மனிதர்.

இன்று அதே சாறு ஜாடிகளைக் கடந்து வந்தது. அமிலத்தில் பச்சை போய்ப் பழுப்பானது. பித்தநீரில், கிருமியைக் கொன்ற பொருள் சிதைந்து வேறொன்றாகிவிட்டது. மூன்றாம் ஜாடியில் மிச்சம் மீதியை மற்ற கிருமிகள் தின்று தீர்த்தன. கெட்ட கிருமியோ குத்துக்கல்லாக அப்படியே இருந்தது. தட்டுக்கு ஏது அமிலமும் பித்தமும்? தினமும் வயிற்றோடு மல்லுக்கட்டுகிறவள் அதைப் போய் மறந்திருந்தாள். புருஷனுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, மாத்திரை போடுறீங்கல்ல?"

"அத எப்பவோ விட்டாச்சு. கொய்யா இலைச் சாறுதான் குடிக்கிறேன்."

"விட்டாச்சா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீதானே சொன்ன, கிருமி செத்துப்போச்சுன்னு. காலையில வெளிக்குப் போறப்ப கொஞ்சம் ரத்தம் வந்துச்சு. சரியாயிடும், பயப்படாத."

ஜாடிகளைப் போட்டது போட்டபடி விட்டு வீட்டுக்கு ஓடினாள்.

ஆஸ்பத்திரிப் படுக்கையில் அவர் வெளிறிக் கிடந்தார். டாக்டர் எரிந்து விழுந்தார்.

"மாத்திரைய நிறுத்தச் சொன்ன புண்ணியவான் யாரு?"

"பக்கத்து வீட்டுக்காரர், சார்," என்றார் அவர், மனைவியின் பக்கம் திரும்பாமல்.

அவளுக்கு உடம்பே கூசியது.

"இல்ல டாக்டர். நான் சொன்னதக் கேட்டுத்தான் நிறுத்தினாரு. என்ன சாறு, எப்படிப் பிழிஞ்சதுன்னு எல்லாம் சொல்றேன்."

டாக்டர் கேட்டுக்கொண்டார், மாத்திரையை அவள் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்தார். புருஷன் அவள் கையைப் பிடித்தார்.

"ஏம்மா, வெளிய தெரிஞ்சா உன் வேலைக்கு ஏதாவது..."

"வேலை கிடக்கட்டும்," என்றாள் அழுதுகொண்டே, மாத்திரையை நீட்டி. "வாயத் திறங்க."